எந்தச் சரிவில் அவளை விடுவது

கடைத்தெருவில் காரின் பின்பெட்டியைத் திறந்தேன், மெழுகு மணந்தது. மகளின் ஸ்னோபோர்ட் சறுக்குப்பலகையின் அடிப்பக்கத்தில் நீங்கள் பழைய இஸ்திரிப்பெட்டியால் உருக்கித் தேய்த்துவிடுவீர்களே, அதே மெழுகு. நீங்கள் போன பிறகு அவளே தேய்க்கிறாள். மரக்கறிப் பைகளை உள்ளே வைக்காமல், மூடியைப் பிடித்தபடி கிழக்கு லண்டனில், எங்கள் செவன் கிங்ஸ் மழையில் நின்றேன். நிற்கவும் முடியவில்லை, ஏறிப் போகவும் முடியவில்லை. இந்த நாட்களில் எல்லாம் இப்படித்தான்.

காரணம் இதுதான். லண்டனுக்கு மறுபக்கத்தில், கூரைக்குள்ளே உண்மையான பனி கொட்டிவைத்திருக்கும் பெரிய சரிவில், அவளைப் பயிற்சிக் குழுவில் சேர்க்கக் கேட்டிருக்கிறார்கள். அங்கே தாவிப் பறக்கும் மேடைகள் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இப்படியான முடிவுகள் உங்களுடையவை. எனக்கு எரிகிற அடுப்பும் அவளுடைய பரீட்சையும்தான் தெரியும்.

பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரு தரம் சறுக்கிவிட்டு வந்து, இதைப் பழக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது, எங்கள் இருவருக்கும் பனி என்றால் கார்க் கண்ணாடியில் சுரண்டுவது மட்டும்தான். நீங்கள் அவளைக் கூட்டிப்போகாமல், ஷிப்ட் முடித்துத் தனியே ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்தீர்கள். பெரிய பனிக்கூடங்களை விட்டுவிட்டு, அவற்றைவிட வீட்டுக்குக் கிட்ட இருந்த சின்னச் சரிவைப் பிடித்தீர்கள். பனியே இல்லாத சரிவு. பிளாஸ்டிக் தும்பு முளைத்த பாய்களை விரித்து, தண்ணீர் தெளித்துவிட்டிருந்தார்கள். கால் துடைக்கிற பாய் மாதிரி இருக்கிறதே என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"உயரத்தை நான் பாக்கேல்லை. விழுகிற பிள்ளையிட்டை ஆர் ஓடி வருகினம் எண்டு பாத்தனான்," என்றீர்கள்.

இரண்டாம் கிழமையே அவள் விழுந்து, பாயின் இடுக்கில் பெருவிரல் மாட்டி வீங்கியது. நரைத்த தலையோடு ஒரு பயிற்சியாளர் அம்மா உங்களுக்கு முன்னமே ஓடிவந்து அவள் பக்கத்தில் முழந்தாளிட்டாராம். இனி வேண்டாம் என்று நான் வீட்டில் சண்டை பிடித்தேன். நீங்கள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே, அடுத்த சனிக்கு அவளுக்குத் தடித்த கையுறை வாங்க வேண்டும் என்றீர்கள்.

பிறகு உங்கள் இருதயம் வேலை இடத்தில் நின்றது. அவள் பலகையைத் தொடவில்லை. பல சனிக்கிழமைகள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு காலை, நான் வெளியே வந்து பார்த்தபோது, பலகையைக் காரில் ஏற்றிவிட்டு முன்சீட்டில் பெல்ட் போட்டு இருந்தாள். நெடுஞ்சாலையை விட்டுச் சுற்றிப்போகிற நான், அன்றைக்கு லொறிகளுக்கு நடுவில் அந்தச் சின்னச் சரிவுக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

இந்த அழைப்பு வந்ததும் நீங்கள் செய்ததையே செய்தேன். வேலைக்கு லீவு போட்டு, அவளுக்குச் சொல்லாமல் அந்தப் பெரிய இடத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கோப்பிக்கடை. கதிரையில் இருக்க முடியவில்லை, நடந்துகொண்டே பார்த்தேன். எங்கள் மகள் வயதில் ஒரு பிள்ளை மேடையிலிருந்து எழும்பி, முதுகு அடிபட விழுந்தாள். ஒருவரும் ஓடி வரவில்லை. முடிந்தது கதை, அவளை இங்கே விடுவதில்லை என்று கைப்பையை எடுத்தேன்.

அந்தப் பிள்ளை எழும்பி உட்கார்ந்தாள். மேலேயிருந்து யாரும் வருகிறார்களா என்று பார்த்து ஓரத்துக்கு நகர்ந்தாள். ஹெல்மெட்டைச் சரிசெய்து இறங்கிவந்தாள். கீழே நின்ற பயிற்சியாளர் என்ன நடந்தது என்று அவளையே கேட்டார். அவள் கையால் காட்டிக் காட்டி எங்கே பிழை நடந்தது என்று விளக்கினாள். அவர் ஓடவில்லை. ஆனால் அவள் விழுந்த கணத்திலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. இதை நீங்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? தெரியவில்லை. அந்தத் தெரியாமையோடுதான் வீட்டுக்கு ஓட்டினேன்.

அங்கே போய் வந்ததை மகளிடம் சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். பெரிய சரிவுக்கும் போக வேண்டும், புதன்கிழமைகளில் சின்னச் சரிவையும் விட ஏலாது என்றாள். ஏன் என்று கேட்டேன்.

"அங்க ஸ்பீட்ல என்ர பிழை தெரியாது, அம்மா. பாயில பிழை விட்டா உடன விழுத்திப்போடும்."

நான் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே சம்மதம் சொன்னேன். முதல் நாள் அவள் மேடையில் ஏறியபோது கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது கீழே நின்று கை காட்டினாள். தாவியதை நான் பார்க்கவே இல்லை. அடுத்த முறை பார்த்தேன். இன்னும் கதிரையில் இருந்து பார்க்கப் பழகவில்லை.

உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு ஆர்ச்வே ஸ்டேஷனில் இறங்கி, கோயிலுக்கு அந்த ஏற்றத்தில் நடந்தோம். எத்தனை வருடமாக மூச்சு வாங்க ஏறிய தெரு. அன்றைக்கு என் கண் தானாகவே தெருவை மேலிருந்து சறுக்கி வருகிற சரிவாக அளந்தது: இந்த இடத்தில் வேகம் கூடும், அந்த மதிலுக்கு முன்னம் திரும்ப வேண்டும், பஸ் நிற்கிற சமதரையில் நிற்கலாம். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்கே திரும்புவீர்கள் என்று கேட்டாள். காட்டினேன். இன்னும் கொஞ்சம் முன்னமே திரும்ப வேணும், அம்மா என்றாள்.