உறை மாறி வந்த கடிதம்

ஹிங்ஹாம்,
1783 பிப்ரவரி 9

ஆம்ஸ்டர்டாமில் நம் புதிய நாட்டின் தூதராக இருக்கும் என் அன்புக் கணவர் அசரியா லோரிங் அவர்களுக்கு, கெசியா எழுதுவது.

நானும் பெண்கள் இருவரும் சுகம். சின்னவளுக்கு இருமல் நின்றுவிட்டது. கூரையில் பனி முழ உயரம் கிடக்கிறது.

நவம்பரில் நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. உறையில் என் பெயர். உள்ளே ‘மதிப்பிற்குரிய திருமதி க்ரேன்’ என்று இருந்தது. பாஸ்டனில் இருக்கும் அந்த விதவை உங்கள் சிநேகிதி என்று தெரியும். படித்திருக்கக் கூடாதுதான். மூன்று முறை படித்தேன்.

அதில் காதல் வார்த்தை ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன், மனசு ஆறியிருக்கும். அந்நாட்டு அரசுச் சபையில் பேச எழுந்தால் கை நடுங்குகிறது என்று அவளுக்கு எழுதியிருக்கிறீர்கள். இறந்துபோன நம் ஆமோஸைக் கனவில் கண்டதாக அவளுக்கு எழுதியிருக்கிறீர்கள். அவன் ஏதாவது பேசினானா? பெற்றவளிடம் சொல்ல வேண்டாமா? இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், இருக்கட்டுமா, திரும்பட்டுமா என்றும் அவளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நான்கு வருடமாக எனக்கு நீங்கள் எழுதுவதெல்லாம் வைக்கோலும் வேலியும்தான்.

வியாழக்கிழமை அவளே சறுக்குவண்டியில் வந்து இறங்கினாள். எனக்கு எழுதிய கடிதம் அவள் கையில். “கிடா வேலிய உடைச்சா கால்ல கட்டை கட்டணுமாம். எங்கிட்ட ஆடே இல்லையேம்மா!” என்று வாசலிலேயே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைவிட மூத்தவள், அழகியும் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

சோளரொட்டியும் அவித்த அவரைக்கொட்டையும் வைத்தேன். “இன்னும் ரெண்டு வருஷம் இருக்கட்டுமா, திரும்பட்டுமான்னு உங்களக் கேட்டிருக்கார். என்ன பதில் எழுதப்போறீங்க?” என்று கேட்டேன்.

“இருங்கன்னுதான். நாட்டுக்கு இப்ப அவர் வேணும்.”

“வீட்டுக்கு வேண்டாமா? அத உங்ககிட்டதான் கேப்பாரா?”

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். “நியாயம்தான். உங்களத்தான் கேட்டிருக்கணும். நான் எழுதல, நீங்களே எழுதுங்க” என்று எழுந்துவிட்டாள். அவள் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

மூன்று நாளாகப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். ‘வாருங்கள்’ என்றால் நாட்டு நலம் அறியாதவள் ஆவேன். ‘இருங்கள்’ என்றால் அவள் சொன்னதையே சொன்னவள் ஆவேன். அது மட்டும் என்னால் ஆகாது.

கர்த்தர் உங்களைக் காப்பாராக. உங்கள் துறைமுகத்தில் காற்று மேற்கு நோக்கி அடிக்கட்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். கப்பல் ஏறுவது உங்கள் இஷ்டம்.

உங்கள் மனைவி,
கெசியா