சண்டைப் புத்தகத்தில் உனக்கு இடமில்லை

திண்டுக்கல்
12.8.1962

அருமை மகன் முகமது பாரூக்குக்கு அத்தா பக்ருதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மா சைதூனும் நலம். வறுகடலைக் கடையும் நலம். உன் அம்மா என்னைத் திட்டுவது மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. காரணம் இருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு துரை வீட்டுப் பழைய தாளைப் பொட்டலம் கட்ட எடைக்கு வாங்கினேன். உள்ளே ஒரு கட்டு சண்டைப் படக்கதைப் புத்தகம். உள்ளங்கை அகலம்தான். கால் படி கடலைகூட மடிக்க முடியாது. வீணாகப் போகிறதே என்று வாசிக்க ஆரம்பித்தேன். என் ஏழாங்கிளாஸ் இங்கிலீஷுக்குப் படம்தான் துணை.

முப்பது புத்தகம் முடித்துவிட்டேன். எல்லாவற்றிலும் அதே ஆட்கள்தான் அப்பு, பெயர்தான் வேறு. செங்கல் மூஞ்சி ஹவில்தார் ஒருவர், கத்திக்கொண்டே இருப்பார், மனசு மட்டும் வெண்ணெய். கல்லூரியிலிருந்து நேரே வந்த ஆபீசர் ஒருவன், மேப்பைத் தலைகீழாகப் பிடிப்பான். கை நடுங்குகிற பயந்தாங்கொள்ளி ஒருவன். வீட்டுக்காரி படத்தை எடுத்து எடுத்துக் காட்டுகிறவன் ஒருவன். சாகும்போது மட்டும் ஜெர்மன்காரனோ வெள்ளைக்காரனோ, எல்லாரும் “ஆ...ர்க்” என்று ஒரே மாதிரிதான் கத்துகிறார்கள். அதற்கென்று தனிப் பள்ளிக்கூடம் இருக்கும் போல.

நான் அந்தப் படையில் இருந்தால் முதல் பக்கத்திலேயே ஓடியிருப்பேன். புத்தகம் ஒரு தாளோடு முடிந்திருக்கும். உன் கூட்டத்தில் யார் யார் என்று எழுது.

அன்புள்ள அத்தா,
பக்ருதீன்

முகாம்
2.9.1962

அன்புள்ள அத்தாவுக்கு, சலாம். இருக்கும் இடத்தை எழுதக்கூடாது. மலை, மூடுபனி, அட்டைப்பூச்சி. இவற்றை எழுதினால் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் வெட்டமாட்டார்கள்.

உங்கள் கடிதத்தை எல்லாருக்கும் வாசித்தேன். எங்கள் பிரிவில் தமிழ் ஆட்கள் நான்கு பேர். என்னைத் தவிர மற்றவர்கள் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். அதனால் உங்கள் கடிதம் வந்தால் சினிமாக் கொட்டகை மாதிரி உட்கார்ந்துவிடுகிறார்கள். நீங்கள் சொன்ன ஆட்கள் அத்தனை பேரும் இங்கே இருக்கிறார்கள் அத்தா! செங்கல் மூஞ்சிக்கு ஹவில்தார் நாச்சிமுத்து, ஒட்டன்சத்திரத்துக்காரர். “எம்பட மூஞ்சி செங்கலா? ஏனப்பா, உங்கப்பாரு எப்பப் பார்த்தாரு?” என்று கேட்டார். கன்னிவாடி வேலுசாமி மனைவி பொன்னழகுவின் படத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறான், தினமும் ஒருதரமாவது காட்டிவிடுவான். நடுங்குகிற கைக்கு நம்ம ஊர்ச் சிலுவைமுத்து இருக்கிறான். தூரத்தில் பாறை உருண்டால்கூடத் தட்டைக் கீழே போட்டுவிடுவான்.

அவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: கடைசிப் பக்கத்தில் யார் யார் இருப்பார்கள்? நான் கேட்பது இன்னொன்று. நான் அதில் யார்?

உங்கள் மகன்,
பாரூக்

திண்டுக்கல்
14.9.1962

அருமை மகன் பாரூக்குக்கு, துஆ. உங்கள் கொட்டகைக்கு நான் கதைசொல்லி ஆகிவிட்டேன் என்று தெரிந்ததும் தலை கனத்துப்போய் இரண்டு பேருக்கு உப்பில்லாத கடலையைக் கொடுத்துவிட்டேன்.

கேட்டதற்குப் பதில். செங்கல் மூஞ்சி அநேகமாகப் பிழைப்பார். காயம்பட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவதே கடைசிப் படம். பயந்தாங்கொள்ளி கடைசியில் ஒரு நிமிஷம் பயத்தை மறப்பான், கையில் குண்டோடு டாங்கிமேல் பாய்வான், அத்தோடு சரி. படம் காட்டுகிறவன் பாடுதான் மோசம். காட்டியதிலிருந்து பத்துப் பக்கம் தாண்டமாட்டான். வேலுசாமியிடம் சொல், அந்தப் படத்தை உடம்பில் வைக்காமல் எங்காவது பத்திரப்படுத்தட்டும்.

உன்னை எல்லாப் புத்தகத்திலும் தேடினேன். நாலு பேரைச் சுற்றி உட்காரவைத்துக் கடிதம் வாசிக்கிறவன் எதிலும் இல்லை. சண்டைப் புத்தகத்தில் உனக்கு இடமில்லை. ஆகவே நிம்மதியாக இரு.

அத்தா,
பக்ருதீன்

முகாம்
12.10.1962

அன்புள்ள அத்தாவுக்கு, சலாம். இதை வாசித்துவிட்டு உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

வேலுசாமி நீங்கள் சொன்னபடியே செய்தான். படத்தைத் தகர டப்பியில் போட்டுச் சரிவுக்குக் கீழே ஒரு பாறை இடுக்கில் வைத்தான். “என்கிட்ட இல்லைன்னா காட்டுன கணக்குல வராதுல்ல?” என்று சிரித்தான். பிறகு மூன்று நாள் மழை. படம் நனைந்திருக்குமோ என்று பார்க்கப் போனவன் வழுக்கி விழுந்துவிட்டான். உடலை எடுக்கும்போது டப்பி கையில் இருந்தது. படத்தில் ஒரு சொட்டு ஈரமில்லை. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து, நாளுக்கு ஒரு பக்கம் என்று நாச்சிமுத்து விரல்விட்டு எண்ணினார். பத்தாவது நாள்.

இன்னொன்றை மற்றவர்களிடம் சொல்லவில்லை. அவன் விழும்போது ஒரு சத்தம் கேட்டது. முதல் கடிதத்தில் நீங்கள் எழுதிய அதே சத்தம்.

“உங்கப்பாருக்கு எழுதிப்போடு, எங்களப் பத்தி இனி ஒண்ணும் எழுத வேண்டாம்னு” என்று நாச்சிமுத்து எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். உருளைக்கிழங்கு உரிக்கும்போது தனியாக வந்து, “தோள்ல தூக்கிட்டு வாரவன் நெசமாப் பொழைப்பானா?” என்று கேட்டார். சிலுவைமுத்து சாப்பிடுவதே இல்லை. “ஏலே பாரூக்கு, எனக்கு வேற பக்கம் எதுவும் இல்லையாடா? ஒங்க அத்தாவ இன்னொரு தடவ பார்க்கச் சொல்லேன்” என்று என்னையே சுற்றுகிறான்.

இன்னொரு தடவை பாருங்கள் அத்தா. இங்கே நிலைமை நன்றாக இல்லை.

பாரூக்

திண்டுக்கல்
1.11.1962

அருமை மகன் பாரூக்குக்கு, துஆ. ரேடியோவில் சீனாக்காரனோடு சண்டை தொடங்கிவிட்டது என்றார்கள். வேலுசாமிக்காக அழுதேன். இந்தக் கடிதத்தை எல்லாருக்கும் சத்தமாக வாசி.

இன்னொரு தடவை பார்த்தேன். என் ஏழாங்கிளாஸ் இங்கிலீஷை நம்பிய உங்களைச் சொல்லவேண்டும்! எல்லாவற்றையும் தப்பாக வாசித்திருக்கிறேன். கை நடுங்குகிறவன் சாவதே இல்லை. ஓடுகிறான். நல்ல வேகமாக ஓடுகிறான். ஊருக்கு வந்து கல்யாணம் பண்ணிக்கொள்கிறான், மூன்று பிள்ளை. ஆகவே சிலுவைமுத்து, ஓடச் சொன்னால் முதல் ஆளாக ஓடு. நாச்சிமுத்து அவர்களே, புத்தகங்கள் இனி இல்லை. சைதூன் மொத்தத்தையும் வறுக்கிற அடுப்பில் போட்டுவிட்டாள். அன்றைக்கு வறுத்த கடலை முழுக்க பீரங்கி வாசம் என்று நம் வாடிக்கைக்காரன் பீர் முகமது திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கீழே உள்ள நாலு வரி உனக்கு மட்டும்.
மேலே எழுதியது பொய்.
ஓடச் சொன்னால் நீயும் ஓடு. திரும்பிப் பார்க்காதே.
யாருக்காகவும் திரும்பிப் போகாதே, யாராக இருந்தாலும் சரி.
இப்படி ஒரு அத்தாவா என்று நினைத்தால், வீட்டுக்கு வந்து நினைத்துக்கொள்.

பக்ருதீன்

திண்டுக்கல்
27.1.1963

அருமை மகன் பாரூக்குக்கு, துஆ.

உன்னைக் காணவில்லை என்று டிசம்பரில் தந்தி வந்தது. அந்தச் சொல்லை உன் அம்மா நாள் முழுக்க உருட்டிக்கொண்டிருக்கிறாள். மௌத் ஆனான் என்றா போட்டிருக்கிறது, காணோம் என்றுதானே போட்டிருக்கிறது என்கிறாள். இந்த மாதம் ஐந்தாம் தேதி, நவம்பரில் உனக்கு எழுதிய கடிதம், சேரவில்லை என்று சிவப்பு மையில் கிறுக்கித் திரும்பி வந்தது. நான் ஒட்டிய மைதாப் பசை அப்படியே இருந்தது. பிரிக்க மனமில்லாமல் கல்லாப்பெட்டியில் வைத்தேன்.

நேற்று சிலுவைமுத்து கடைக்கு வந்தான். ஒரு கால் கொஞ்சம் இழுக்கிறது. டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாஸைப் பிடித்த அவன் கை நடுங்கவில்லை.

“ஒங்க கடுதாசிதான் மாமா என்னைய ஓட வச்சுச்சு” என்றான்.

“எந்தக் கடுதாசிப்பா?”

“கடைசியா வந்ததுதான். பாரூக்கு காலையில மூடுபனிக்குள்ள உக்காந்து வாசிச்சான். மூணு பிள்ளைன்னு போட்டிருந்தீகளே! மாமி புத்தகத்த அடுப்புல போட்டது, கடலையில பீரங்கி வாசம் வந்தது... நாச்சிமுத்து அண்ணன் அம்புட்டு சிரிச்சாரு. அன்னைக்குத்தான் அவரு சிரிச்சுப் பார்த்தோம்.”

அந்தக் கடிதம் பிரிக்காமல் என் கல்லாப்பெட்டியில் அல்லவா கிடக்கிறது. எந்தத் தாள் என்று கேட்டேன். நீலக் கோடு போட்ட தாள், மூலையில் எண்ணெய்க் கறை என்றான். திரும்பி வந்த உறையை எடுத்து அவன் கண் முன்னால் கிழித்தேன். நீலக் கோடு. மூலையில் எண்ணெய்க் கறை. நான் வாசிக்க வாசிக்க, அடுத்த வரியை எனக்கு முன்னாலேயே அவன் சொல்லிக்கொண்டு வந்தான். பீர் முகமது பெயர் வரைக்கும் சொல்லி நின்றுவிட்டான்.

“அதுக்குக் கீழே?”

“அதுக்குக் கீழ அவன் வாசிக்கல மாமா. செத்த நேரம் தாளையே பார்த்துக்கிட்டிருந்தான். பொறகு மடிச்சுப் பையில வச்சுக்கிட்டான்.”

அப்புறம் ஓடச் சொல்லி உத்தரவு வந்ததாம். சிலுவைமுத்து முதல் ஆளாக ஓடினானாம். நீ அவன் பின்னாலேயே வந்தாயாம். பாதி தூரத்தில், நாச்சிமுத்துவுக்குக் காலில் அடி, விழுந்து கிடக்கிறார் என்று யாரோ கத்தினார்களாம். “நீ ஓடுலே, அத்தா சொல்லியிருக்காருல்ல, இந்தா வாரேன்” என்று சொல்லிவிட்டு நீ பனிக்குள்ளே திரும்பிப் போனாயாம். அதற்கப்புறம் உன்னையும் யாரும் பார்க்கவில்லை, அவரையும் யாரும் பார்க்கவில்லை.

என் கல்லாப்பெட்டிக்கு வந்து சேர்ந்த தாள் உன் கைக்கு எப்படி வந்தது என்று கேட்கப் போவதில்லை. இந்த மூளைக்கு அது எட்டாது. ஆனால் அந்த நாலு வரியை நீ வாசித்திருக்கிறாய். வாசித்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். முதலில் கோபம் வந்தது. சிலுவைமுத்து போன பிறகும் கடையைத் திறந்துபோட்டபடி உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் வந்து பொரிகடலை கேட்டார், என் மகன் திரும்பிப் போனான் என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அதே கடிதத்தை அதே முகவரிக்கு இன்று மறுபடியும் அனுப்புகிறேன், இதையும் சேர்த்து. கீழே உள்ள நாலு வரியை மட்டும் அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: நாச்சிமுத்துவையும் கூட்டிக்கொண்டு வா.

அத்தா,
பக்ருதீன்