பதினெட்டாயிரத்துக்கு மேல்

நாக்பூர்
12-8-1987

அன்புள்ள அப்பாவுக்கு,

ஏப்ரலில் திண்டிவனம் வந்திருந்தபோது உங்களிடம் சொல்லாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். உங்கள் இருமலும் அம்மாவின் முழங்கால் வலியும் தேவலையா? நான் சுகம்.

விழுப்புரம் பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போகும்படி உத்தரவு வந்த அன்று, "வருஷ வருமானம் பதினெட்டாயிரத்தத் தாண்டிச்சின்னா மொத்தத்துக்கும் வரி புடிப்பானுங்கம்மா. இப்ப வாங்கறதவிட கம்மியாத்தான் கைக்கு வரும். எனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றீர்கள். வேண்டாமென்று கடிதம் எழுதும் வேலையை என்னிடமே கொடுத்தீர்கள். பதினெட்டாயிரத்துக்கு மேல் வரும் தொகைக்கு மட்டும்தான் வரி என்று எனக்குத் தெரியும். உங்களோடு வேலை பார்க்கும் சூசைமுத்து சார் பக்கத்தில் இருந்தார். அவர் முன்னால் உங்களைத் திருத்தக் கூச்சப்பட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

நேற்று எங்கள் ஆபீஸ் குமாஸ்தா ஒருவரும் இதே பயத்தில் பதவி உயர்வை மறுக்கப் போனார். அரை நிமிடத்தில் விளக்கிவிட்டேன். "அட, இவ்வளவுதானா!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் அம்மாவை வறுத்த மல்லாட்டை கொஞ்சம் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்; இங்கே விற்கும் வேர்க்கடலையில் அந்த ருசி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெஸ்ஸில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள். என்னை மன்னியுங்கள் அப்பா. உங்களைவிட ஆறு வயது இளையவர் விழுப்புரத்தில் சேர்ந்துவிட்டதாக அம்மா எழுதியிருந்தார்.

உங்கள் மகள்,
லூர்து மேரி