வெள்ளைக்காரப் பூட்டனுக்கு ஓர் இடம்

ஜூன் 3

பீன்ஸ் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சாலை அலுவலகத்து ஆள் வந்தார். புதிய சாலை ஹார்வுட்டின் கல்லறை மேல் போகிறதாம். எலும்புகளை எங்கள் குடும்ப இடுகாட்டில் வைக்கிறோமா, இல்லை அவருடைய நாட்டுத் தூதரகம் தபோரா நகரத்தில் நினைவு மண்டபம் கட்டி வைத்துக்கொள்ளட்டுமா? சீக்கிரம் சொல்ல வேண்டும். எங்களைத்தான் கேட்க வேண்டும். எங்கள் பூட்டனும் நாடு காண வந்த வெள்ளைக்காரர் ஹார்வுட்டும் கையைக் கீறி ரத்தம் கலந்து சகோதரர் ஆனவர்கள்.

ஜூன் 4

தம்பி லுகூஷாவிடம் சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"அக்கா, அவன் எரிச்ச இசேகா யாரோட ஊரு? நம்ம அம்மாவோட ஊரு. தானியம் தரலைன்னு எரிச்சான். அவனை அம்மா பக்கத்துல படுக்க வைக்கப்போறியா? வச்சா, நான் செத்தாலும் அந்த மண்ணுக்கு வரமாட்டேன்."

அவன் கோபம் எப்போதும் மறுநாளே ஆறிவிடும். இது ஆறாது.

ஜூன் 6

மண்டபத்துக்கே கொடுத்துவிட்டால்? ஆற்றின் மூலத்தைக் கண்டவர் என்று பித்தளையில் பொறிப்பார்கள். இசேகா பற்றி ஓர் எழுத்து இருக்காது. நாங்கள் வைத்துக்கொண்டால் — தம்பி போய்விடுவான்.

வகுப்பில் உப்பையும் சர்க்கரையும் ஒரே குவளையில் கரைத்துக் கொடுப்பேன். இரண்டும் இருக்கின்றன என்பார்கள் பிள்ளைகள். பிரித்துக் காட்டுங்கள் என்றால் விழிப்பார்கள். இப்போது நான் விழிக்கிறேன்.

ஜூன் 9

லுகூஷா இன்றும் வரவில்லை.

ஜூன் 11

சந்தையில் கருவாடு விற்கும் செமெனி பிடித்துக்கொண்டாள். அவள் ஸராமோ இனத்தவள். அவர்கள் எங்கள் இனத்துக்குக் கேலி முறைக்காரர்கள். எங்கள் வீட்டுச் சாவில் பிணத்தை வைதுவிட்டுத்தான் குழியில் இறக்க விடுவார்கள். நாங்கள் கோபப்படக் கூடாது. அப்பாவின் கஞ்சத்தனத்தை அவள் பாடியபோது அழுதுகொண்டே சிரித்தோம்.

"ஏ டீச்சர்! உங்க வெள்ளைக்காரப் பூட்டனுக்கு எப்ப சாவு? எனக்குச் சொல்லி அனுப்பலியே?"

"அவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, செமெனி."

"ஆனா என்ன? அவன் ஆளுங்களே துப்பாக்கி வெடிச்சுப் புதைச்சுட்டாங்க. எங்களை ஒரு வார்த்தை பேச விட்டாங்களா? விருந்தாளியை வைய முடியாது. உறவுன்னா வசவு உண்டு!"

கருவாடு வாங்காமலே திரும்பியதைப் பாதி வழியில்தான் கவனித்தேன்.

ஜூன் 12

லுகூஷா வீட்டுக்குப் போனேன். கோடரிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தான்.

"மண்டபத்துல அவர் விருந்தாளிடா. யாரும் வாய் திறக்க முடியாது. நம்ம மண்ணுல உறவுக்காரர். செமெனி வந்து வைவா."

வெகுநேரம் செதுக்கினான்.

"வேடிக்கை பாக்க வரேன். மண்ணு போடமாட்டேன்."

ஜூன் 20

புதைத்தோம். தூதரகத்திலிருந்து ஒருவர் மலர்வளையத்தோடு வந்திருந்தார். எலும்புகளை இறக்க விடாமல் செமெனி குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டாள்.

"ஆத்தைத் தேடி வந்தியாமே? அது தொலைஞ்சுபோச்சுன்னு உன்கிட்ட யாரு அழுதா? ஊரெல்லாம் வழி கேட்டுட்டு, நானே கண்டுபிடிச்சேன்னு எழுதி அனுப்பினியாமே!"

கூட்டம் சிரித்தது. பிறகு அவள் குரல் இறங்கியது.

"பசிச்சா கேக்கலாம். தரலைன்னா பட்டினியா நடக்கணும். இசேகாவை ஏன்டா கொளுத்தின? உள்ள குழந்தைங்க இருந்துச்சேடா."

யாரும் சிரிக்கவில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்று தூதரகத்துக்காரர் என்னைக் கேட்டார். அப்படியே சொன்னேன். வளையத்தைக் கையில் வைத்தபடியே நின்றார்.

திரும்பிப் பார்த்தால் லுகூஷா இல்லை. போய்விட்டான்.

ஜூன் 27

மாட்டு வண்டியில் ஒரு கல்லோடு வந்தான். இசேகாவின் பாறையிலிருந்து பெயர்த்ததாம். ஹார்வுட்டின் பெயருக்குக் கீழே அவனே உளியால் செதுக்கியிருந்தான்: ‘எங்கள் உறவினர். இசேகாவை எரித்தவர்.’

"எழுத்துப் பிழை இருக்கா பாரு, டீச்சரக்கா."

இல்லை என்றேன்.

"அப்ப ஒரு பக்கம் பிடி."

நல்ல கனம். இருவருமாக நட்டோம்.