ஒரு விசில், இரண்டு விசில்

அப்பா,

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியும் சாமந்திப் பூவும் வாங்கிக்கொண்டு, விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறினேன். அம்மாவுக்கு மூட்டு வலி, வரவில்லை. கண்டக்டர் இரண்டு விசில் ஊதினார், வண்டி நகர்ந்தது. ஒன்று நிறுத்த, இரண்டு கிளம்ப. இதே ரூட்டில் உங்கள் காலம் முழுக்க நீங்கள் ஊதிய விசில்.

நான் என்னதான் ஆராய்ச்சி செய்கிறேன் என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டீர்கள். மூளை செல்லுக்குள் வளர்ச்சிக்கான மரபணுக்கள் இருக்கின்றன, அவை தாமாக வேலை செய்யாது, சில புரதங்கள் வந்து உட்கார்ந்து ஒன்றைக் கிளப்பிவிடும், இன்னொன்றை நிறுத்திவைக்கும் என்றேன். குழந்தைப் பருவத்தில் நீள நீளமாக நரம்பு இழை விட்ட செல், முதிர்ந்த பிறகு விடுவதில்லை. நிறுத்துகிற புரதங்களின் கை ஓங்கிவிடுகிறது. நீங்கள் சோறு பிசைவதை விட்டுவிட்டுக் கேட்டீர்கள்.

"டிரைவருதான் ஓட்றாரு. ஆனா நான் விசில் குடுக்காம வண்டி நவுறாது. உன் புரோட்டீனு கண்டக்டரு, அவ்ளோதான?"

அவ்வளவுதான் என்றேன். அதன் பிறகு உங்கள் பஸ்ஸில் ஏறிய ஒருவரும் தப்பவில்லை. என் பெண் மூளைக்கு விசில் ஊதுகிறாள் என்பதை டிக்கெட்டோடு சேர்த்துக் கிழித்துக் கொடுப்பீர்கள். எனக்கு மானம் போகும். நீங்கள் ஆரம்பித்ததுமே ஜன்னல் பக்கம் திரும்பிக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். நீங்கள் முடித்ததை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கல்லறைக்குக் கிளம்பிய அன்று விக்கிரவாண்டியில் ஏறிய ஒரு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் பெரிய ஸ்கேன் கவர். என் முகத்தையே பார்த்துவிட்டு, கண்டக்டர் பெண்தானே என்றார். அவர் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவராம். வலது கை விளங்காமல் போனதாம். என் ஆராய்ச்சியைப் பற்றி நீங்கள் நிறையச் சொல்லியிருக்கிறீர்களாம்.

எங்களிடம் இருப்பது கண்ணாடித் தட்டில் வளர்கிற எலியின் செல்கள். நிறுத்துகிற ஒரு புரதத்தை எடுத்துவிட்டால், அவை கொஞ்சம் இழை விடுகின்றன. மனிதருக்கு அதில் இன்றைக்கு ஒன்றுமில்லை. இவர் மருந்து கேட்கப்போகிறார், எப்படியாவது தப்பிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. உங்களைப் பிடித்து முன்னால் தள்ளினேன்.

"எங்கப்பா கொஞ்சம் அளந்து விடுவாருங்க. அதெல்லாம் நம்பாதீங்க."

உங்கள் கல்லறைக்கு வாங்கிய பூ என் மடியில் இருந்தது.

அந்த அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. நான் வேறு யாரையோ பற்றிப் பேசுகிறேனோ என்பதுபோல் பார்த்தார்.

"அவரு அப்பிடி ஒண்ணும் சொல்லலியேம்மா. வண்டி இன்னும் டிப்போவுலதான் நிக்குது, எப்ப கெளம்பும்னு எம் பொண்ணுக்கே தெரியாது, அத நம்பிக்கினு ஒக்காந்துராத, டாக்டரு சொன்னாப்பல தெனம் கைய ஆட்டிக்கினே இருக்கச் சொல்லுன்னுதான் சொன்னாரு."

அப்படியே செய்து, இப்போது அவர் வீட்டுக்காரர் டீ டம்ளரைத் தானே பிடிக்கிறாராம். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அந்த அக்கா இருந்தாராம். அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். என்னிடமாவது சொல்லலாம் என்றுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாராம். மருந்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கூட்டேரிப்பட்டில் ஒரு விசில் கேட்டது, வண்டி நின்றது. அக்கா இறங்கும்போது, அப்பாவை அப்படிச் சொல்லாதம்மா என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். நிறுத்துகிற விசிலைத்தான் வருஷக்கணக்காக மைக்ராஸ்கோப்பில் தேடிக்கொண்டிருக்கிறேன். என் வாய்க்கு ஒன்று இல்லாமல் போயிற்று. வெட்கமாக இருக்கிறது அப்பா. திண்டிவனம் வரும்வரை அந்தக் காலி சீட்டைப் பார்க்கக்கூட முடியவில்லை.

கல்லறையில் எல்லாக் குடும்பமும் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு, அவர் டம்ளர் பிடிக்கிறாராம் அப்பா என்று மட்டும் சொன்னேன். அது உங்களுக்கு வந்த சேதி.

நேற்று ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கை விளங்காத ஒருவர் ஸ்கேன் கவரோடு வந்தார். மருந்து எப்போது வரும் என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. வண்டி இன்னும் டிப்போவில்தான் நிற்கிறது, கையை ஆட்டுவதை நிறுத்தாதீர்கள் என்றேன். அவர் லேசாகச் சிரித்து, நல்லா சொல்றீங்க மேடம் என்றார்.

"நான் சொல்லலைங்க. எங்கப்பா சொன்னது."