துப்பல் இல்லை

இன்று காலை சூப்பர்வைசர் கசக்கி எறிந்த ஒரு வடிகட்டித் தாளை, சோதனை அறைக் குப்பைத்தொட்டியில் கையை விட்டு எடுத்தேன். நடுவில் கன்னங்கரேலென்று ஒரு பொட்டு. எரிந்த டீசல் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம். உன்னைப் போய் இந்த நாற்றத்தோடு நினைக்க வேண்டியிருக்கிறதே, கருமம்!

ஒரகடத்தில் இந்த வேலைக்கு நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் வல்லக்கோட்டைக்காரி. நீ திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியவள். பழைய ரயில் டீசல் எஞ்சின்களுக்குப் புகையைக் குறைக்கும் கருவியை இங்கே பொருத்துவார்கள். நிஜமாகவே குறைந்ததா என்று பார்ப்பது நம் வேலை. புகையை வெள்ளைத் தாள் வழியாக உறிஞ்சினால் பொட்டு விழும். பொட்டு வெளுத்திருந்தால் எஞ்சின் பாஸ்.

முதல் தாளை எறிந்துவிடுவது முறைதான். உறிஞ்சும் குழாயில் பழைய கரி ஒட்டியிருக்கும். அதற்குத் 'துப்பல்' என்று பெயர் வைத்தவளே நான்தான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்புறம் சூப்பர்வைசர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது தாள் கறுத்தாலும் துப்பல், நாலாவது கறுத்தாலும் துப்பல். எஞ்சின் நன்றாகச் சூடேறி, பொட்டு வெளுக்கும்வரை எல்லாமே துப்பல்! அது என் வாயில் வந்த சொல்தானே.

"ஏட்டி, இது துப்பல் இல்ல, இதுதான் நெசம். யார்டுல சும்மா ஓடிக்கிட்டு நிக்க எஞ்சின் இப்படித்தான ஊதும்? பக்கத்துல வேலை பாக்கவங்க இதத்தான இழுக்கணும்?"

சூப்பர்வைசர் காதுபடவே சொன்னாய். அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாய். மறுநாளே உன்னைப் பேக்கிங்குக்குத் தள்ளினார்கள். "நீ போடும்மா, இன்னா இப்ப?" என்று அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். போட்டேன். வேலை போய்விடுமோ என்று பயம். தூ, என்ன ஜென்மம் நான்!

சில மாதங்களில், ஷிப்டு முடிந்து அறைக்குப் போகிற வழியில் லாரி மோதி நீ போய்விட்டாய். அதற்குப் பிறகும் நான் போட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

இன்றைக்கு அந்தக் கறுத்த தாளை நீவி, அறிக்கையில் ஒட்டி, ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

"இன்னாம்மா இது? துப்பலைப் போய் ஒட்டிக்கினு வந்துகீறே?"

"துப்பல் இல்ல சார். இது மூணாவது தாளு."

"பேக்கிங்குக்குப் போறியா?"

"போறேன் சார்."

எஞ்சின் இப்போதைக்கு வெளியே போகாமல் இங்கேயே நிற்கிறது. நாளைக்கே வேறு யாரிடமாவது கையெழுத்து வாங்கிவிடுவார்கள், எனக்குத் தெரியாதா?

இதனால் என் மனசு லேசாகிவிட்டது என்று மட்டும் நினைக்காதே. உனக்குப் பதிலாக நான் முதன்முதலில் கையெழுத்துப் போட்ட அன்று மதியம், கேண்டீனில் உன் எதிரே தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். நீ திட்டியிருக்கலாம். எழுந்து வேறு மேசைக்குப் போயிருக்கலாம். நீயோ உன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாய்.

"சாப்பிடுட்டி" என்றாய்.

வெட்கமே இல்லாமல் சாப்பிட்டேன். அது இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.