வீடு எந்த மாகாணத்தில?

இஞ்சேருங்கோ,

போனில சொன்னால் சிரிச்சு மழுப்பிப்போடுவியள். அதுதான் எழுதுறன்.

எங்கட வரிக்கணக்குச் செய்யிற றொஷினி செவ்வாய்க்கிழமை உங்களுக்குப் போன் எடுத்தவள் எல்லே? நான் புவாண்ட்-கிளேரில அவளின்ர கந்தோரில, அவளுக்கு முன்னாலதான் இருந்தனான். போன் ஸ்பீக்கரில இருந்தது. உங்களுக்குத் தெரியாது.

அதுக்கு முதல் அவள் என்னட்டைத்தான் கேட்டவள். "அக்கா, அண்ணை வேலை செய்யிறது ரொறொன்ரோவில. சம்பளத்தில வரியும் ஒன்ராறியோவுக்குத்தான் வெட்டியிருக்கினம். ஆனால் வருசக் கடைசி நாளில ஆளின்ர வீடு எங்கையோ, அந்த மாகாணத்துக்குத்தான் வரி கட்டவேணும். அவருக்கு வீடு இங்க கியூபெக்கிலயா, அங்கையா?"

நத்தார் பண்டிகைக்கு வந்திட்டு, பேஸ்மென்டில தனியப் படுத்து, என்னோட ஒரு சொல்லும் கதைக்காமல் திரும்பிப் போனியள். நான் என்னெண்டு சொல்ல? "அவரையே கேள்" எண்டன்.

நீங்கள் யோசிக்கவேயில்லை. "மனிசியும் பிள்ளையும் பியர்பொன்ட்ஸில. பேந்தென்ன கேள்வி? இது வெறும் வாடகை அறை. வீடு அங்கதான்."

"கியூபெக்கில வரி கூட, அண்ணை."

"கூடினால் கூடட்டும், தங்கச்சி."

றொஷினி குனிஞ்சு எழுதினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைச்சன். வரேக்க உங்களுக்குப் பிடிச்ச மீன் வாங்கினன். அதை வெட்டேக்க, "ஏனம்மா பாடுறீங்கள்?" எண்டு ஷெரோன் கேட்டவள். நான் பாடினது எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை ரயிலில வாங்கோ. பேஸ்மென்டில கிடந்த உங்கட தலைகாணியை மேலே கொண்டுவந்து எங்கட கட்டிலில போட்டிட்டன்.

உங்கட மனிசி